லெஸ்ஸின் அறுபது கோதுகள்

சனிக்கிழமை காலைகளில் தியாகலிங்கம் பெரியப்பாவின் கராஜிலிருந்து ஒரு சத்தம் வரும். கிர்ரென்று தொடங்கி, நாலைந்து சுற்றில் மெலிந்து நின்றுவிடும். பிறகு சற்று நேரம் ஒன்றும் கேட்காது. அவர் அளக்கிறார் என்று அர்த்தம். மறுபடி கிர்ர். ஐந்து வருடம் எங்கெங்கோ திரிந்து, ரயில் நிலையங்களிலும் பிறர் வீட்டு சோபாக்களிலும் தூங்கி எழும்பிய எனக்கு, வீடு என்றால் இன்னமும் அந்தச் சத்தம்தான்.

நான் சொல்வது எண்பத்திரண்டாம் ஆண்டு. பெரியப்பாவும் செல்வநாயகி பெரியம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்து ரானுயி என்ற புறநகரில் வீடு எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. படிப்புக்காக நானும் அவர்களோடு தங்கியிருந்தேன். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பட்டறையில் பெரியப்பாவுக்குக் கடைசல் வேலை. அங்கே ஸ்டோரில் இருந்த லெஸ் என்ற வெள்ளைக்காரர்தான் இந்த நாட்டில் அவருக்குக் கிடைத்த ஒரே சிநேகிதர். தேநீர் இடைவேளையில் பக்கத்தில் இடம் பிடித்து வைப்பவரும், வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டவரும் அவர் ஒருவர்தான்.

லெஸ்ஸிடம் பழைய மாதிரியில் செய்த துவக்கு ஒன்று இருந்தது. சுட்டபின் மிஞ்சும் தோட்டாவின் பித்தளைக் கோதை எறியாமல், அதிலேயே புது வெடிமருந்தும் ஈயக் குண்டும் வைத்து மறுபடி சுடுவார். சுடச் சுடக் கோது மயிரிழை அளவு நீளும். நீண்டதை அப்படியே விட்டால் அதன் வாய் துவக்குக்குள் நெருக்குப்பட்டு ஈயத்தை இறுக்கிவிடும். பிறகு வெடிக்கும்போது அமுக்கம் ஆபத்தாக ஏறும். அதனால் எல்லாக் கோதுகளையும் ஒரே அளவில் சீவி, விளிம்பின் பிசிரை உள்ளும் புறமும் எடுக்க வேண்டும். லெஸ் அவசரக்காரர், கோணலாகச் சீவுவார். ஒருநாள் அதைக் கண்ட பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து அது அவர் வேலையாயிற்று. கையால் சுற்றும் சின்னக் கடைசல் பொறி ஒன்றை அவரே செய்துகொண்டார்.

அவர் ஒருதடவைகூடச் சுட்டதில்லை. லெஸ் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனால், காதைப் பொத்திக்கொண்டு காருக்குள்ளேயே இருப்பார்.

"துவக்குக்கு நகம் வெட்டிவிடுற ஆள் உலகத்திலயே இவர் ஒராள்தான்" என்பார் பெரியம்மா.

அந்த வருடம் கிளப்பின் ஈஸ்டர் சுடும் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு லெஸ் அறுபது கோதுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். இடுப்பு எலும்பு ஒப்பரேஷனால் மூன்று வருடம் போட்டிக்குப் போகாதவர், இந்த முறை போவதாக இருந்தார். அந்தத் துவக்குக்கான கோது கடையில் கிடையாது. வெளிநாட்டிலிருந்து எடுப்பதென்றால் லைசென்ஸ், காகிதம், காத்திருப்பு. ஒவ்வொன்றாகச் சேர்த்த அறுபதும் புகையேறிக் கறுத்திருந்தன.

பெரியம்மாவின் குத்துவிளக்கு பளிச்சென்றிருப்பதைப் பார்த்துப் பெரியப்பா எப்படியென்று கேட்டார். புளியும் உப்பும் என்றார் பெரியம்மா. ஏவன்டேலில் குசும் அக்கா என்பவரின் மளிகைக் கடையில் வாங்கிய புளியைப் பெரியப்பாவே கரைத்து வாளியில் ஊற்றிக் கோதுகளைப் போட்டார். அன்றைக்குப் பார்த்துப் பட்டறையில் ஓவர்டைம். மூன்றாம் நாள்தான் வாளி ஞாபகத்துக்கு வந்தது.

கோதுகள் மஞ்சளாக இல்லை. ரோசா நிறத்தில், செப்புக் காசுபோல இருந்தன.

"ஆரப்பா ரெண்டு நாள் ஊறப்போட்டது? தேய்ச்ச கையோட கழுவவெல்லோ வேணும்!"

"நீர்தானே புளி போடச் சொன்னீர்."

"ஊறப்போடச் சொன்னனானே? இதென்ன, ரசமே வைக்கிறியள்?"

பெரியப்பா சிரிக்கவில்லை. ஒன்றைக் கடைசலில் பூட்டி வாயைச் சீவினார். வெட்டுப்பட்ட வட்டத்தில் நடுவில் மட்டும் மெல்லிய மஞ்சள் கோடு, இருபக்கமும் ரோசா. பித்தளையில் கலந்திருக்கும் துத்தநாகம் போய்விட்டால் அது பலமில்லாத செம்பு, கடைசல்காரருக்கு இது தெரியும். எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறது என்பதுதான் தெரியாது. மூன்றைக் குறட்டால் நெரித்துப் பார்த்தார். இரண்டு வளைந்தன. மூன்றாவதில் வெடிப்பு விழுந்தது. அது புளியாலோ, பழசானதாலோ? அவருக்கே விளங்கவில்லை.

மத்தியானம் முழுவதும் கராஜில் சும்மா இருந்தார். பிறகு மேசையில் பூட்டியிருந்த இடுக்கியைத் திறந்து, மிச்ச ஐம்பத்தேழையும் ஒவ்வொன்றாக வைத்துத் தட்டையாக நசுக்கத் தொடங்கினார்.

பெரியம்மா ஓடிவந்தார். "அந்தாளின்ர சாமானெல்லே! ஒரு சொல்லுக் கேட்டிட்டுச் செய்யுங்கோவன்."

"கேட்டால் பரவாயில்லை எண்டுதான் சொல்லுவான். பிறகு போய்ச் சுடுவான். முகத்துக்கு நேர வெடிச்சால் கண் போயிடும்."

"இனி உங்களோட கதைப்பானே?"

"தெரியாது" என்றார். கை நிற்கவில்லை.

அன்று மாலையே லெஸ் வீட்டுக்குப் போனோம். நான் காரில் இருந்தேன். வாசலில் பெரியப்பா பெட்டியை நீட்டினார். லெஸ் நசுங்கிய ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரியப்பா நெடுநேரம் சொன்னார், கைகளால் வாளியைக் காட்டினார், வெடிப்பைக் காட்டினார். லெஸ் "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கதவைச் சாத்தினார்.

ஈஸ்டர் போட்டிக்கு லெஸ் போகவில்லை. பட்டறையில் தேநீர் நேரத்தில் மேசை மாறி உட்கார்ந்தார். பெரியப்பா பாண் துண்டைக் காருக்குள் வைத்துத் தின்னத் தொடங்கினார். அந்த மழைக்காலம் முழுவதும் கராஜில் சத்தமே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் வேலையால் வந்ததும் அவர் லெஸ் கோது ஏதும் கொண்டுவந்து வைத்தாரா என்று கேட்பவர்போல வாயைத் திறப்பார், பிறகு தொலைக்காட்சியில் செய்தியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டிய காலம் அது. அடுத்த வருடம் புறப்பட்டுப் போனேன் என்றாலும், இப்போது அந்தச் சாம்பல் நிறச் சனிக்கிழமைகள்கூட வேண்டும்போல இருக்கிறது.

செப்டம்பரில் ஒரு காலை லெஸ்ஸின் வான் வந்து நின்றது. கையில் ஒரு பிஸ்கட் டின். ஆஸ்திரேலியாவிலிருந்து யாரோ கொண்டுவந்த இருபது கோதுகள். வணக்கம், சுகம் ஒன்றுமில்லை.

"சீவித் தா" என்றார் ஆங்கிலத்தில். "சரியில்லாததை நீயே நசுக்கிப்போடு."

பெரியம்மா தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். லெஸ் கராஜ் வாசலில் நின்றபடி குடித்தார். பெரியப்பா ஒவ்வொன்றாகச் சீவி அளந்து வரிசையாக வைத்தார். பதினோராவதை வெளிச்சத்தில் பிடித்து, அடிப்பக்கத்தில் ஓடிய மயிரிழைக் கோடொன்றை நகத்தால் தடவி, நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்து லெஸ்ஸைப் பார்த்தார். லெஸ் கோப்பையை உயர்த்தி இன்னொரு மடக்குத் தேநீர் குடித்தார்.

பெரியப்பா அதை இடுக்கியில் வைத்துப் பிடியைச் சுற்றினார்.