தாம்பூலத் தட்டில் வந்த மாத்திரை

கோமதி இன்று பேச முடியாமல் இருப்பதற்கு நான்தான் காரணம். அவளுடைய கணவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்… என் முகம் உங்களுக்குத் தெரியாது என்ற தைரியத்தில்!

நான் யாரென்று கேட்பீர்கள். சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடையொன்றில் பில் எழுதுகிறவன். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. மீதியெல்லாம் பழைய புத்தகங்களில் நானே பொறுக்கிக்கொண்டது. சனிக்கிழமைகளில் கரமனை பஜனை மடத்தில், பாட்டு முடிந்து சுண்டல் வரும்வரை பேசுவேன். ஆன்மிகத்துக்குள் அறிவியல்… அதுதான் எப்போதும் என் பொருள்.

யார் வாயிலிருந்து நல்ல பேச்சு விழுந்தாலும் பில் புத்தகத்தின் பின்பக்கம் குறித்துக்கொள்வேன். கோமதி சொன்னதையும் அப்படித்தான் குறித்தேன். பஜனையில் முதல் அடி எடுத்துப் பாடுகிறவள் அவள். "டாக்டர் என் மொகத்தைப் பாக்கறதே இல்லை அண்ணா, கம்ப்யூட்டரையாக்கும் பாக்கறார். பிரஷர் எனக்கா, அதுக்கா?"

அந்தச் சனிக்கிழமை அதைச் சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் வாய் தானாக ஓடிற்று. "தினம் அரை மணி நாமஜபம் பண்ணினா பிரஷர் தானே இறங்கிடும். வெளிநாட்டு விஞ்ஞானிகள் கருவி வச்சுப் பாத்துச் சொன்னதாக்கும்! மாத்திரையே வேண்டாம்!"

எந்த விஞ்ஞானி? எந்தக் கருவி? எல்லாம் அந்த நிமிஷத்தில் நான் கட்டிவிட்டவை… முன்வரிசையில், ராக்கெட் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாமத்தின் பெருமைக்கு நாமம் மட்டும் போதாது, அவருடைய தலையாட்டலும் வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவர் தலையாட்டவும் இல்லை!

அடுத்த வாரம், பேசினவருக்குக் கொடுக்கும் தாம்பூலத் தட்டைக் கோமதி நீட்டினாள். வெற்றிலை, பாக்கு, பழம். வெற்றிலைக்கு அடியில் அவளுடைய பிரஷர் மாத்திரை அட்டைகள் மூன்று.

"இனி எனக்கு இது வேண்டாம் அண்ணா. உங்க பேச்சுக்கு இதாக்கும் தட்சிணை. எங்காத்துக்காரர்ட்ட சொல்லிடாதேங்கோ, வெறுதே சத்தம் போடுவார்."

தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டாமா? நான் பொய் சொன்னேன் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டாமா? சிரித்தேன்… "நீயாக்கும் நிஜமான பக்தை!" என்று சொல்லி அட்டைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவ்வளவு பெரிய மரியாதை எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

இரண்டே மாதம். பக்கவாதம். வலது கை போயிற்று, பேச்சு போயிற்று. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாளா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். ஒருநாள்கூட விட்டதில்லை என்று அவள் கணவர் சங்கரன் சத்தியம் செய்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மாத்திரை கைவிட்டது, ஜபம்தான் உயிரைக் காத்தது என்று சங்கரன் தாமே முடிவு கட்டிவிட்டார். "தினம் சாயங்காலம் வந்து அவ பக்கத்துல இருந்து நாமம் சொல்லணும் அண்ணா" என்றார். எப்படி மறுப்பேன்? ஒரு வருஷமாகக் கடையிலிருந்து நேரே அங்கே போகிறேன். நான் நாமம் சொல்லச் சொல்ல, கோமதி இடது கையால் தொடையில் தாளம் போடுகிறாள்… கண் என் முகத்தை விட்டு அகலுவதில்லை. வசையா? இரக்கமா? குறித்துக்கொள்ள அவளிடம் எனக்கு இப்போது ஒரு சொல்கூட இல்லை.

கடவுளை நான் இன்னும் நம்புகிறேன். அதுதான் வினை! நம்பாதவனாக இருந்தால் என்றோ எழுந்து போயிருப்பேன்.

சென்ற வாரம் சங்கரன் ஒரு தாம்பூலத் தட்டை நீட்டினார். வெற்றிலையை விலக்கினேன்… அவருடைய சர்க்கரை மாத்திரைகள்!

"எனக்கும் இனி நாமம் போரும். மருந்து இவளுக்குப் பண்ணின உபகாரம் கண்டாச்சே!"

அட்டைகளை அவர் கையில் திணித்தேன். "வேண்டாம்! ஜபமும் வேணும், மாத்திரையும் வேணும். ஒரு வேளை விடப்படாது, கேட்டேளா!"

"பின்னே இவளுக்கு ஏன் பலிக்கலை? சொல்லுங்கோ."

தாளம் நின்றிருந்தது. கோமதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வாக்கியம்… சொல்லியிருந்தால் என்ன?

"ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரி" என்றேன்.

"நீங்க சொன்னா சரி." என் எதிரிலேயே ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கினார். மருந்தை நம்பி அல்ல… என்னை நம்பி!

கோமதி கண்களை மூடிக்கொண்டாள். சற்றுப் பொறுத்து, இடது கை மறுபடி தொடையைத் தட்டிற்று. ஆரம்பி என்கிறாள். ஆரம்பித்தேன்.

அவள் தந்த மூன்று அட்டைகளும் என் புத்தக அலமாரியில்தான் இருக்கின்றன. காலாவதித் தேதி கடந்துவிட்டது. எறியக் கை வரவில்லை. மணி ஐந்தரை ஆகிறது… அங்கே நாற்காலி போட்டிருப்பார்கள். நான் போக வேண்டும்.