கூரியர் காலண்டரில் கிருத்திகைக்கு லீவு விட்டேன்

ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டிலிருந்து என் வீட்டுக்காரி ஆன்லைனில் வளையல் விற்கிறாள். வெப்சைட் காட்டும் தேதிக்குப் பார்சல் போகாமல் தினமும் திட்டு வாங்குவாள்.

போன வாரம் நான் உட்கார்ந்து, வெப்சைட் டெலிவரி தேதியைக் கணக்குப் போடும் கூரியர் காலண்டரைத் திருத்தினேன். ஞாயிறு லீவு. கிருத்திகையும் லீவு. கூரியர் ஆபீஸ் இருப்பது குன்றத்தூர் மலையடிவாரம். அன்றைக்கு முருகனைப் பார்க்க வரும் கூட்டத்தில் வண்டி நகராது.

அப்போது நாவலூரிலிருந்து வெள்ளிக்கிழமை வளைகாப்புக்கு ஆர்டர் வந்தது. நடுவில் கிருத்திகை வந்ததால், புதன் என்று காட்டியிருக்க வேண்டிய தேதி வியாழன் என்று காட்டியது.

"யோவ், லேட்டா காட்னா எவ வாங்குவா? எட்டாங்கிளாஸ் பெயிலுக்கு கம்ப்யூட்டர்ல இன்னா வேலை?"

"வியாயன்னா வியாயன்தான்மே. பந்தயம் இன்னா கட்றே?"

"கரீட்டா போச்சுன்னா கேசரி கிண்டித் தரேன், போ!"

இன்று வியாழன். மத்தியானம் வளைகாப்புப் பெண்ணின் அம்மா போன் செய்தார். "அக்கா, சொன்ன தேதிக்கே வளையல் வந்துடுச்சு! நாளைக்கு நிம்மதியா ஃபங்ஷன் பண்ணுவோம்."

போனை வைத்த என் முதலாளியம்மா என் மூஞ்சியைப் பார்க்காமல் சமையல்கட்டுக்குப் போனாள்.

நெய் வாசம் வருகிறது. வாழ்த்துபவர்கள் வரலாம். எனக்குச் சர்க்கரை இருப்பதை அவளுக்கு ஞாபகப்படுத்தும் நல்லவர்கள், கேசரி தட்டுக்கு வந்த பிறகு கமெண்ட் போடவும்.