அம்மனுக்குத் தட்டிய கை

வடமதுரைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் சுப்புத்தாய் யாரையும் சந்தேகப்படுகிறவள் அல்ல, மகள் பானுப்ரியாவைத் தவிர. மாரியம்மன் முளைப்பாரிக்கு ஆண்டுதோறும் பாட்டெடுத்துக் கொடுப்பவள் சுப்புத்தாய்தான். மகளோ ராக் பாடுகிறவள். தானே எழுதி, கிட்டாரை மாட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவாள். முதல் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, "ஏண்டி, ஒன்னைய யாரு அடிச்சா?" என்றாள் சுப்புத்தாய்.

இந்த வருஷம் பானுப்ரியாவும் விரதமிருந்து முளைப்பாரி வீட்டுக்கு வந்தாள். வெளிச்சம் படாமல் கதவைச் சாத்தித்தான் முளையை வளர்ப்பார்கள். பெண்கள் சுற்றி வந்து கும்மி தட்டினார்கள். மகள் மட்டும் தட்டவில்லை. கை துப்பட்டாவுக்குள் இருந்தது.

"என்னடி மறைக்கிறே?"

"ஒண்ணுமில்லம்மா."

அந்த 'ஒண்ணுமில்ல' சுப்புத்தாயை அரித்தது. அம்மன் பாட்டை இவள் கிட்டாரோடு சேர்த்து விற்றுவிட்டால், எந்த முகத்தோடு சாமி முன்னால் பாட்டெடுப்பது?

திருவிழா முடிந்ததும் சொல்லாமல் டவுனுக்கு பஸ் ஏறினாள். நாகல் நகரில் ஆட்டோவை விட்டிறங்கி, மகள் பாட்டுப் பதியும் மாடி அறைக் கதவைத் தள்ளினாள். ஜன்னலெல்லாம் போர்வை. மைக் பக்கத்தில் பானுப்ரியா. டிரம்ஸ் வாசிக்கும் நியாஸ் பதறி எழுந்தான்.

"வாங்கம்மா, காபி..."

"காபி கெடக்கட்டும் தம்பி. புதுப் பாட்டைப் போடு."

போட்டான். கத்தல் இல்லை. மகளின் குரல் காதோரம் பேசுவதுபோல் வந்தது: 'கதவத் தெறக்காதே ஆத்தா, இன்னும் மொளச்சு முடியல.' சுப்புத்தாய் ஸ்பீக்கர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். ஆனால் குரலுக்கு அடியில் ஒரு கைத்தட்டு. மூன்றாவது தட்டில் கண்ணாடி வளையல் கிணுங்கியது.

"வார்த்தை யாருது?"

"என்னோடது. அம்மன் பாட்டுல ஒரு வரிகூட எடுக்கலம்மா."

"தட்டு?"

பானுப்ரியா தலைகுனிந்தாள். "ஒன்னோடது. போன்ல புடிச்சேன். கத்துனாத்தான் பாட்டுன்னு நெனச்சிருந்தேன். அந்த இருட்டுல ஒக்காந்தப்பதான் மெதுவாப் பாட வந்துச்சு."

"அது அம்மனுக்குத் தட்டுனது. எம்முன்னால அழி. அந்தப் பொட்டியிலயும்."

போனிலும் கம்ப்யூட்டரிலும் அழித்தார்கள். மறுபடி பாட்டை ஓடவிட்டான் நியாஸ்.

"நொண்டுதே," என்றாள் சுப்புத்தாய். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்தாள். "எங்கன நின்னு தட்டணும்?"

"அம்மா?"

"இது ஒனக்கு. சாமிக்குத் தட்டுனதுல கை வைக்காதே."

மைக் முன்னால் நின்று கையை உயர்த்தியவள், சட்டென்று திரும்பினாள்.

"தம்பி, அவ போனை நான் பாக்குற எடத்துல வையி."