சாக்கு முகமூடி

ஹாலோவீன் நாளன்று, எட்டு வயதுப் பேத்தியின் பிடிவாதத்துக்கு இணங்கி, நாங்கள் குடியேறிய நகரின் லா சப்பல் பகுதியில் சிறுவர்களுக்காக அமைத்திருந்த பேய் வீட்டுக்கு அவளை அழைத்துச் சென்றேன்.

"அம்மப்பா, பயந்தா என்ரை கையைப் பிடியுங்கோ" என்று வாசலிலேயே கேலி செய்தாள்.

எலும்புக்கூடுகளைக் கண்டு நான் சிரித்தேன். கடைசி அறையில், கண்களுக்கு மட்டும் துளையிட்ட சாக்கினால் தலையை மூடிய ஓர் உருவம் எங்களை நோக்கித் தலையசைத்தது. யாழ்ப்பாணத்தில் இராணுவம் எங்களை வரிசையில் நிறுத்திய நாளில், அத்தகைய சாக்குக்குள்ளிருந்து ஆட்களைக் காட்டிக்கொடுத்த தலையாட்டி ஒருவன் தலையசைத்த பின்னரே என் தம்பியைக் கொண்டுசென்றார்கள். அவன் திரும்பி வரவில்லை.

பேத்தியின் கையை உதறிவிட்டு ஓடினேன். வீதியை அடைந்த பிறகே அவள் உள்ளே இருப்பது உறைத்தது. ஆயினும் மீண்டும் நுழையத் துணிவின்றி, வாசலுக்கும் வீதிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அந்தச் சாக்கைக் கழற்றிக் கையில் வைத்திருந்த இளம்பெண் ஒருத்திதான் அவளை வெளியே அழைத்து வந்தாள். பேத்தியின் கன்னங்கள் நனைந்திருந்தன.

வீட்டில் மகள் சிரித்தபடி கேட்டாள்: "ஆரடி பயந்தது? நீயோ, அம்மப்பாவோ?"

"நான்தான் பயந்தனான். அம்மப்பா பயப்பிடேல்லை."

நான் மறுத்துரைக்கவில்லை. கையை உதறியதற்குக் காரணம் சொல்ல முடியும். அந்த மௌனத்திற்கு இன்றுவரை என்னிடம் காரணம் இல்லை.