பேர் கேட்கும் ஊனா

லங்காஸ்டர் சந்தையில் என் பெண்டாட்டிக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. பேர் கேட்கும் ஊனா. நல்ல எண்ணத்தில் வைத்த பெயர் இல்லை. அவள் வருவதைப் பார்த்தாலே ஆட்டு வியாபாரிகள் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொள்வார்கள். "வந்துட்டாப்பா. உன் மூத்த பையன் பேரை ஞாபகப்படுத்தி வெச்சுக்க, இல்லேன்னா விடமாட்டா" என்பார்கள். அவளும் விடமாட்டாள். தன்னைவிட ஆறேழு வயது சின்னவனாகத் தெரிகிற ஆண்பிள்ளை எவனைப் பார்த்தாலும் நேரே போய் நின்றுகொண்டு, "உங்க மூத்த பையன் பேரு என்ன? ரெண்டாவது பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டுவிடுவாள்.

நான் பார வண்டிக்காரன். பென்சில்வேனியாவில் நான் ஆறு குதிரை பூட்டி ஓட்டாத சாலை இல்லை. என்னைத் தெரியாத சத்திரம் இல்லை. எனக்கு மானம் போகும். "கோர்மாக் பெண்டாட்டிக்குக் கொஞ்சம் கழண்டுருச்சாம்ல" என்று என் காதுபடவே பேசுவார்கள். வீட்டுக்கு வந்து கத்துவேன். "உன் மானத்தை மடிச்சு வண்டியில வெச்சுக்க. எனக்கு என் தம்பி வேணும்" என்பாள்.

எங்கள் ஆட்களுக்கு அவள் கேள்வி விளங்கும். அயர்லாந்தில், அதிலும் எங்கள் டோனெகால் பக்கத்தில், பிள்ளைக்குப் பெயர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா, இரண்டாமவளுக்கு அப்பாவின் அம்மா. இது காலகாலமாக நடப்பது. அதனால் ஒருவன் பிள்ளைகளின் பெயரைக் கேட்டாலே அவன் எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம். ஊனாவின் அப்பா மேனஸ், அம்மா கிரானியா. அவள் தம்பி டெர்மட் எங்கே இருந்தாலும் அவன் மூத்த மகன் மேனஸ், இரண்டாவது மகள் கிரானியா. அதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

"வாங்கிட்டுப் போன எஜமான் அவன் பேரையே மாத்தியிருப்பான். மதத்தைக்கூட மாத்தியிருப்பான். ஆனா அவன் பிள்ளைங்களுக்குப் பேரு வெக்கிறது அவன்தானேய்யா" என்பாள்.

பஞ்சத்தில் அப்பா செத்ததும் அம்மா இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு டெர்ரி துறைமுகத்தில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினாள். ஊனாவுக்குப் பதினொரு வயது. டெர்மட்டுக்கு நாலு. கப்பலில் காய்ச்சல் வந்தது. கரை தெரிய மூன்று நாள் இருக்கும்போது அம்மா போய்விட்டாள். போகும்போது சொன்னது ஒன்றுதான்: "தம்பி கையை விட்டுறாதே." பாதிக் கடலைத் தாண்டிய பிறகு செத்தால் செத்தவரின் கப்பல் கட்டணத்தையும் பிள்ளைகள் உழைத்துத்தான் தீர்க்க வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். நாசமாய்ப் போக அந்தச் சட்டம் எழுதியவன். ஆக, அம்மாவுக்கும் சேர்த்து இரண்டு குழந்தைகளும் விலைக்கு நின்றார்கள்.

கப்பலில் ஊனா தம்பிக்கு ஒன்று செய்தாள். எங்கள் வீடுகளில் பெரியவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டிய வம்சாவளியை, சொல்லிக்கொடுக்கப் பெரியவர் யாரும் இல்லாததால், அவளே சொல்லிக்கொடுத்தாள். நான் டெர்மட், மேனஸின் மகன். மேனஸ், டெர்மட்டின் மகன். அந்த டெர்மட், ஆர்ட்டின் மகன். இப்படி ஏழு தலைமுறை. ஒரு பெயர் சரியாகச் சொன்னால் தன் பங்கு ரொட்டியில் ஒரு துணுக்கு கொடுப்பாள். நாலு வயதுப் பிள்ளை, பசியில் இருக்கிறது, கற்றுக்கொள்ளாதா? கரை வந்து சேர்வதற்குள் மூச்சுவிடாமல் ஏழு பெயரையும் ஒப்பித்தது.

நியூகாஸில் படித்துறையில் கறுப்புத் தொப்பி போட்ட ஒருவர் வந்து புரியாத பாஷையில் பேசி அவனைத் தூக்கிக்கொண்டார். ஊனா கையை விடவில்லை. கப்பல்காரன் விரல் விரலாகப் பிரித்தான். அப்போது அந்தக் குழந்தை அழவில்லையாம். அந்த ஆளின் தோள்மேல் இருந்துகொண்டு, அக்காவைப் பார்த்துக்கொண்டே, "நான் டெர்மட், மேனஸின் மகன், மேனஸ், டெர்மட்டின் மகன்" என்று சத்தமாக ஒப்பிக்க ஆரம்பித்ததாம். சரியாகச் சொன்னால் அக்கா ஏதாவது தருவாள் என்று அதற்குத் தெரியும். அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்ததோ என்னவோ. ஏழாவது பெயர்வரைக்கும் தன் காதில் விழுந்தது என்று ஊனா சொல்வாள். இதை எத்தனை தடவை சொல்லியிருப்பாள். ஒரு தடவையும் என்னால் முழுதாகக் கேட்க முடிந்ததில்லை, எழுந்து குதிரைகளைப் பார்க்கப் போய்விடுவேன்.

அவளைக் குவேக்கர் என்கிற கிறிஸ்தவப் பிரிவுக்காரர் ஒருவர் வீட்டில் வாங்கினார்கள். பத்து வருடம் பால் கறந்தாள், துணி வெளுத்தாள். அடி கிடையாது, அன்பும் கிடையாது. விடுதலையான மறுநாளே படித்துறைக்கு நடந்தே போனாள். கப்பல் தரகன் செத்துப்போயிருந்தான். அவன் வைத்திருந்த தாள்களை மகள் அடுப்புப் பற்றவைக்க எடுத்துவிட்டாளாம். அங்கே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவளைத்தான் நான் முதலில் பார்த்தேன். வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டபோது, "உன் வண்டி எல்லா ஊருக்கும் போகுமா?" என்று கேட்டாள். போகும் என்றேன். சரி என்றாள். என் மூஞ்சியைப் பார்த்துச் சரி சொன்னவள் என்று நான் யாரிடமும் பீற்றிக்கொள்ள முடியாது.

வீட்டைப் பார்த்துக்கொள்ள என் தங்கை இருந்ததால் வருடத்தில் இரண்டு நடையாவது ஊனா என்னோடு வருவாள். கல்யாணமாகிப் பதினைந்தாம் வருடம் ஒருநாள், கோகாலிகோ ஓடைக்குப் பக்கத்தில், சக்கரத்தின் இரும்புப் பட்டை கழன்று வண்டி சாய்ந்தது. வண்டி நிறைய மாவுப் பீப்பாய். நான் குதிரைகளைத் திட்டி, சாலையைத் திட்டி, சாலை போட்டவனைத் திட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பண்ணையிலிருந்து ஒருவன் வந்தான். ஜெர்மன்காரன். முப்பது, முப்பத்திரண்டு வயது. இடுப்பில் ஒரு சின்னப் பெண் குழந்தை. குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வண்டிக்கு முட்டுக் கொடுத்தான். அவன் மனைவி ரொட்டியில் ஆப்பிள் களியைத் தடவிக்கொண்டு வந்து தந்தாள்.

பட்டை ஏறியதும் ஊனா அவனிடம் போனாள். தொடங்கிவிட்டாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க மூத்த பையன் பேரு என்னங்க?"

"ஹைன்ரிக்."

"அது உங்க அப்பா பேரா?"

"ஆமா. என்னை வளர்த்த அப்பா."

வளர்த்த அப்பா. அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. அவள் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். "ரெண்டாவது பொண்ணு?"

"பார்பரா." அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான். "எதுக்கும்மா கேக்குறீங்க? நீங்க..."

"சும்மாதாங்க. பொம்பளைங்க பேச்சு, விடுங்க" என்று நான் நடுவில் புகுந்தேன். "ஏறுடி வண்டியில. பொழுது சாயுது, இன்னும் எட்டு மைல் இருக்கு."

எங்கள் ஊர் ஆண்பிள்ளைகள் பலரைப்போல நானும் வெளி ஆட்களுக்கு முன்னால் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன் இல்லை. ஏய், ஏறுடி, வாடி, அவ்வளவுதான்.

வண்டி ஓடைத் திருப்பம் தாண்டியதும் நான் கேட்டேன், "அந்த ஆளை இன்னும் கொஞ்சம் விசாரிச்சிருக்கலாமோ?"

"எதுக்கு? டெர்மட்டா இருந்தா மேனஸ்னுல்ல வெச்சிருப்பான். ஏழு தலைமுறையை எங்கிட்ட ஒப்பிச்சவன்யா அவன். அப்பன் பேரை மறந்தவன் என் தம்பியா இருக்க முடியாது."

சொல்லிவிட்டு ஆப்பிள் களி ரொட்டியைப் பிய்த்து எனக்கும் கொடுத்தாள். நன்றாக இருக்கிறது, லவங்கப்பட்டை போட்டிருப்பார்கள் போல என்றாள். அந்தப் பாழாய்ப்போன சாலையில் இனி வண்டி ஓட்டுவதில்லை என்று நான் அன்றே முடிவெடுத்தேன். ஓட்டவும் இல்லை. அதற்குப் பிறகு பதினான்கு வருடம் அவள் மற்ற எல்லாச் சாலையிலும் தேடினாள்.

போன வசந்தத்தில் லங்காஸ்டருக்கு வெளியே இருக்கும் ஒரு சத்திரத்தில் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து சத்திரக்காரி கத்தினாள். "ஊனா, ஏய் ஊனா, சூப்பு ஆறிப்போகுது பாரு."

வாயில் ரொட்டியோடு திரும்பிப் பார்த்தேன். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜெர்மன்காரிகள் கட்டுகிற வெள்ளைத் தலைத்துணி. ஜெர்மன்காரர்களிடம் அந்தப் பெயர் கிடையாது.

"யாரும்மா உனக்கு இந்தப் பேரு வெச்சது?"

"நீங்களுமா? எல்லாரும் இதையேதான் கேக்குறாங்க. எங்க அப்பாதான் வெச்சாரு. ஞானஸ்நானம் கொடுக்கறப்போ பாதிரியார், இதெல்லாம் ஒரு பேரா, மாத்துன்னு சண்டை போட்டாராம். எதுக்கும் கோவப்படாத மனுஷன், அன்னைக்கு மாத்த முடியாதுன்னு நின்னுட்டாராம்."

"உங்க அப்பாவுக்கு எப்படித் தெரியும் இந்தப் பேரு?"

"அவரோட அக்கா பேருங்க. அவரு நிஜத்துல ஜெர்மன்காரர் இல்ல. நாலு வயசுல கப்பல்ல வந்தாராம். கப்பல்லயே அவங்க அம்மா செத்துட்டாங்களாம். ஹைன்ரிக் தாத்தாதான் துறையில வாங்கிட்டு வந்து, ஜேக்கப்னு பேரு வெச்சு, சொந்தப் பிள்ளையா வளர்த்தாரு. பெத்தவங்க பேரு அவருக்குத் தெரியாது. தன்னோட பழைய பேரே தெரியாது. அக்கா பேரு மட்டும் தெரியும்."

நான் கரண்டியை வைத்துவிட்டேன். "வீடு எங்கம்மா?"

"கோகாலிகோ ஓடைப் பக்கம்."

"நீ... எத்தனாவது?"

"மூணாவது பொண்ணு. மூத்த அக்காவுக்கும் அடுத்த அக்காவுக்கும் தாத்தா வீட்டுப் பேரா வெச்சுட்டாங்க. மூணாவதாவது என் இஷ்டத்துக்குன்னு கெஞ்சிக் கேட்டு வெச்சாராம்."

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். கேட்கும்போதே அவள் முகம் சொல்லிவிட்டது. இந்தக் குளிர்காலத்தில் மரம் வெட்டப் போன இடத்தில், கிளை முறிந்து நெஞ்சில் விழுந்து, மூன்று நாள் கிடந்து போய்ச் சேர்ந்தாராம்.

"ஒரு தடவை எங்க வீட்டுகிட்ட வண்டி சாஞ்சு ஒரு அயர்லாந்து அம்மா வந்தாங்களாம்" என்று அவளே தொடர்ந்தாள். "அவங்க பேசுனது எங்கயோ கேட்ட குரலா இருந்துச்சாம். உங்க பேரு என்னன்னு கேக்க வாயெடுத்தாராம். அதுக்குள்ள அவங்க புருஷன் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டானாம். அவ்வளவு சிடுமூஞ்சியாம். அடிக்கடி சொல்லுவாரு. பேரையாவது கேட்டிருக்கலாம்னு."

"அந்தச் சிடுமூஞ்சி நான்தாம்மா" என்றேன். மீதியையும் சொன்னேன். அந்தப் பெண் சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு இரண்டு நாள் வழி. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நூறு தடவை நினைத்தேன். அன்றைக்கு ஒரே ஒரு தடவை, ஏறு ஊனா என்று நான் பெயரைச் சொல்லியிருந்தால் அவன் வண்டியை மறித்திருப்பான். இதை இறக்கிவைக்க எனக்கு வேறு இடமில்லை. அவளிடம் சொல்லாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது?

அவள் கோஸ் பாத்தியில் களை பறித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பறித்த களையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"இடுப்புல வெச்சிருந்தானே, அந்தக் குழந்தையா?"

"ஆமா."

"நான் ரெண்டாவது பொண்ணோட நிறுத்திட்டேன்."

"நான்தான் அவசரப்படுத்துனேன். உம்மேல தப்பில்ல."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "அப்பா பேரு ஞாபகமே இல்லையாமா?"

"இல்லையாம்."

"அம்மா பேரு? ஆர்ட்? ஒண்ணு கூடவா?"

"உன் பேரு மட்டும்தான்."

ஊனா மண்ணில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். பிறகு என்னைப் பார்த்து, எனக்கு ஏதோ புரியவில்லை என்பதுபோல, மெதுவாகச் சொன்னாள்.

"அவனுக்கு நான் என் பேரைச் சொல்லிக்குடுக்கவே இல்லையேய்யா."