நண்டு வளைக்கு நூல் கட்டியவள்

வலையபட்டி தங்கச்சாமி ஆசாரியின் மகள் சத்தியப்பிரியாவுக்கு வாய் பேசுவதற்குள் கை பேசிவிடும். எட்டாம் வகுப்பில் பின்னலைப் பிடித்து இழுத்தவனின் முன்பல்லைப் பெயர்த்தாள். பன்னிரண்டில், பள்ளத்தூர் பஸ்ஸில் உரசிக்கொண்டு நின்ற பெரிய மனுஷனின் மண்டையில் டிபன் பாக்ஸாலேயே போட்டாள். இரண்டிலும் நியாயம் அவள் பக்கம் இருந்தது, அதுதான் வினையாகப் போயிற்று. அடித்தவளை ஊரே மெச்சினால் அந்தக் கை எப்படி அடங்கும்?

காரைக்குடியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு முடித்த கோடையில் அவளுக்கு ஆறு வார இன்டர்ன்ஷிப் கிடைத்தது. தொண்டிக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடல் அறிவியலைக் கரையில் வைத்தே சொல்லிக்கொடுக்கிற சின்னத் தொண்டு நிறுவனம் ஒன்று அங்கே இருந்தது. கணுக்காலுக்கு மேல் கடல்தண்ணீர் படாத ஆசாரி வீட்டுப் பெண், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடலைச் சொல்லித்தரப் போனாள். கூத்துதான்.

முதல் வாரம் ஒரு குஞ்சு குளுவான்கூட எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாம் வாரம் நாட்டுப்படகுக்காரர் முத்தரசுவின் மகள் ஸ்வேதா வந்தாள். பத்து வயது. ஓயாமல் கேள்வி கேட்பாள். அவளே வீடு வீடாகப் போய்ப் பதினொரு பேரை இழுத்துக்கொண்டு வந்தாள். இந்தப் பிள்ளைகள் விட்டுப்போகாமல் வர வேண்டும், ஸ்வேதா வர வேண்டும். சத்தியப்பிரியாவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மூன்றாம் வாரம் நண்டு வளை எண்ணும் பாடம். மணலில் சதுரம் போட்டு, அதற்குள் எத்தனை வளை இருக்கிறது என்று வாரா வாரம் எண்ண வேண்டும். நிறுவனம் கொடுத்த பிளாஸ்டிக் சட்டம் உடைந்து கிடந்தது. சதுரம் போட ஆசாரி மகளுக்குப் பிளாஸ்டிக் எதற்கு? சனிக்கிழமை ஊருக்குப் போனவள் அப்பாவின் பையையே தூக்கி வந்துவிட்டாள். முளைக்குச்சிகள், நூல்கண்டு, உளியைத் தட்டும் கொட்டாப்புளி, ஒரு மஞ்சள் பொட்டலம்.

தங்கச்சாமி எந்த மனையில் அளவு போட்டாலும் ஈசானி மூலையில் முதல் முளையை அடித்து, மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்த பிறகுதான் நூல் கட்டுவார். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்தவள் சத்தியப்பிரியா. திங்கட்கிழமை காலை, தன்னை அறியாமலே வடகிழக்கு மூலையில் முளையை அடித்தாள், மஞ்சள் பூசினாள், நூலின் மறுமுனையை ஸ்வேதாவிடம் கொடுத்தாள். நண்டுக்கு மனை முகூர்த்தம்!

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே கரையில் இப்படித்தான் நாலு முளைக்கு மஞ்சள் தடவிப் பூசை போட்டார்கள். எட்டாம் நாள் இறால் பண்ணைக்கு வேலி வந்தது, படகுக்குப் போகிற பாதை அடைபட்டது. கேட்கப் போன இடத்தில் நடந்த அடிதடியில் முத்தரசுவின் தம்பிக்கு ஒரு கண் போயிற்று. இது எதுவும் சத்தியப்பிரியாவுக்குத் தெரியாது.

துடுப்போடு ஓடிவந்த முத்தரசு ஒரே வீச்சில் முளையைச் சிதறடித்தார்.

"பூசை போட்டுட்டீகளா? வேலி எப்பம்மா போடப் போறீக?"

"அண்ணே, இது நண்டு..." என்று ஆரம்பித்தாள். அவர் காதில் அது ஏறவில்லை. நூலைப் பிடித்திருந்த மகளைப் பார்த்துவிட்டார்.

"நீயும் கூடச் சேந்து நூல் பிடிக்கிறியா?"

அறைந்த அறையில் ஸ்வேதா சுருண்டு விழுந்தாள். முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் அறைந்தார். உதடு கிழிந்து ரத்தம் மணலில் சொட்டியது. "கேளுங்கப்பா, கேளுங்க!" என்று அவள் கத்தக் கத்த அடி விழுந்தது. மற்ற பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடின.

சத்தியப்பிரியாவின் கை முந்திக்கொண்டது. கொட்டாப்புளியை ஓங்கி முத்தரசுவின் வலது மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. சும்மா சொல்லக்கூடாது, அந்த நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ அலுமினியச் சட்டியால் அவள் நெற்றியைப் பிளந்தார்கள், யாரோ வயிற்றில் மிதித்தார்கள். நிறுவனத்து விக்னேஸ்வரன் சார் ஓடிவந்து குறுக்கே விழாவிட்டால் அவளை உயிரோடு விட்டிருக்க மாட்டார்கள்.

வேன் ஒன்றுதான் இருந்தது. அடித்தவர், அடிபட்டவர் எல்லோரும் அதிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

"மஞ்சள எதுக்கும்மா தடவுன?" என்றார் விக்னேஸ்வரன்.

"வழக்கம் சார். அப்பா அப்பிடித்தான் செய்வாக."

அவர் தலையில் அடித்துக்கொண்டு இறால் பண்ணைக் கதையைச் சொன்னார். பின் சீட்டில் முத்தரசுவின் மனைவி அழுதுகொண்டே வந்தார்.

"விசைப்படகு கடலுக்குப் போகாத இந்தத் தடைக்காலத்துலதான் எங்க வலையில நாலு மீன் விழும். இன்னும் ஒரு மாசம் கெடக்கு. ஒத்தக் கைய வச்சுக்கிட்டு இவுக எப்பிடி வலை இழுப்பாக?"

சத்தியப்பிரியாவுக்கு வாங்கிய மிதி வலிக்கவில்லை, வெட்கம்தான் பிடுங்கித் தின்றது.

ஆஸ்பத்திரியில் மூன்று பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இளம் டாக்டர் பதிவேட்டைத் திறந்து முத்தரசுவைப் பார்த்தார்.

"கை எப்படி ஒடிஞ்சது?"

முத்தரசு சுவரைப் பார்த்தார். ஒரு பொட்டப்பிள்ளை அடித்து ஒடிந்தது என்று எந்த வாயால் சொல்வார்? அவள் அடித்ததைச் சொன்னால் மகளை அடித்ததும் வெளியே வரும்.

"படகுல வழுக்கி விழுந்துட்டேன் சார்."

டாக்டர் அவளிடம் திரும்பினார். "நெத்தியில?"

உண்மையைச் சொன்னால் போலீஸ் வரும், இன்டர்ன்ஷிப் போகும், வீட்டில் படிப்பையே நிறுத்தினாலும் நிறுத்துவார்கள்.

"நானும்... வழுக்கித்தான் சார்."

"அதே படகுலயா?"

"ஆமா சார்."

முத்தரசு முதல்முறையாக அவளைத் திரும்பிப் பார்த்தார். இருவருக்கும் நடுவே சட்டென்று ஓர் உடன்பாடு வந்துவிட்டது. டாக்டர் ஸ்வேதாவின் வீங்கிய முகத்தை நிமிர்த்தினார்.

"நீயும் வழுக்கி விழுந்தியாம்மா?"

கிழிந்த உதடு அவளைப் பேசவிடவில்லை. வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"யாரும் வழுக்கி விழல சார். எங்கப்பா என்னைய அடிச்சாரு. இந்த அக்கா எங்கப்பாவ அடிச்சாக. நான் கேளுங்க கேளுங்கன்னு கத்துனேன். ரெண்டு பேருமே கேக்கல."