மூன்றாம் மாடி வாடை

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன், எங்கள் செம்பூர் பில்டிங்கின் மூன்றாம் மாடி வசந்தாவைப் பார்க்க. ஐம்பத்திரண்டு வயது. பக்கவாதம் வந்து மூன்று வருடமாகப் படுக்கை. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

"ஒரே பில்டிங்தானே? யாருக்குமே தெரியலையா?" என்று ஹிந்தியில் கேட்டார் டாக்டர்.

தெரியாமல் என்ன? தெரிந்துதானே லெட்டர் எழுதினேன்!

நான்தான் பில்டிங் சொசைட்டியின் செக்ரட்டரி. ஆறு மாதம் முன்பு மாடிப்படியில் வாடை வருகிறது என்று புகார்மேல் புகார். வசந்தா இருந்த அவள் தம்பி ரமேஷின் வீட்டிலிருந்துதான். 'துர்நாற்றத்தைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்று நாகரிகமாக டைப் அடித்துக் கொடுத்தேன். உள்ளே கிடக்கிறவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி கேட்டேனா? இல்லை...

ரமேஷ் அன்றைக்கே வந்துவிட்டான். பேங்க் வேலை, பரம சாது. "ஸாரி மாமி, இனிமே வெளில வராது" என்றான். சொன்னபடியே வாடை நின்றது. கமிட்டி என்னைப் பாராட்டியது. எனக்கும் பெருமைதான் — வெட்கக்கேடு.

பிறகு ஒருநாள் செல்வி வந்து சொன்னாள். தாராவியிலிருந்து வந்து என் வீட்டிலும் ரமேஷ் வீட்டிலும் பாத்திரம் தேய்ப்பவள்.

"யம்மா, அந்தக்காவ ரூம்ல வச்சுப் பூட்டிட்டு ஆபீஸ் போயிருதாவ. என்னைய உள்ள விடமாட்டுக்காவ. முனங்குத சத்தம் மட்டும் கேக்கு. போலீஸுக்காவது சொல்லுங்கம்மா."

"குடும்ப விஷயம் செல்வி... நான் பேசிப் பார்க்கறேன்" என்றேன்.

பேசவும் இல்லை, பார்க்கவும் இல்லை. ஒரு வாரம் பாண்டுப்பில் கல்யாணம். அடுத்த வாரம் கமிட்டி மீட்டிங். மூன்றாவது வாரம் செல்வியே போலீஸுக்குப் போன் போட்டுவிட்டாள். ரமேஷ் வீட்டு வேலை போய்விடும் என்று தெரிந்தேதான். போயும் விட்டது.

வார்டில் வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தாலும் பேச்சு புரிந்தது.

"முன்னாடி ஜன்னல் தொறந்திருக்கும் மாமி. ரோடு தெரியும். பஸ் போறது தெரியும். உங்க லெட்டர் வந்தப்புறம் கதவைப் பூட்டினதோட அதையும் ஆணி அடிச்சு மூடிட்டான்."

கோபமே இல்லாமல் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மன்னிப்புக் கேட்டேன், அழுதேன்... அதனால் அந்த ஆறு மாதம் அவளுக்குத் திரும்பி வருமா?

பக்கத்து வீட்டிலிருந்து வாடை வந்தால், தயவுசெய்து லெட்டர் எழுதாதீர்கள் — கதவைத் தட்டுங்கள்!